விருந்துக்கு அழைப்பதில்லை

யவோரிட்சா, மே 14

அண்ணா,

நான் கடிதம் எழுதுவதற்குக் காரணம் நீதான். என் எண்ணை உன் கைபேசியில் தடுத்து வைத்திருக்கிறாய். அண்ணியைக் கூப்பிட்டேன். "உங்க அண்ணன் தங்கச்சி சண்டைக்குள்ள என்னை இழுக்காத நெவெனா" என்று சொல்லி வைத்துவிட்டார். தபாலைத் தடுக்க முடியாது அல்லவா? செவ்வாய்க்கிழமை தபால்காரி ரூஷா ஸ்கூட்டரில் வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

புனித மார்க்கொ நாள் திருவிழாவில் மரத்தடியில் நான் செய்தது உன்னை அவமானப்படுத்த அல்ல. இதை நம்புவாயா தெரியவில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். மிலுதின் மாமா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் யாரு வாங்கறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். வாங்குகிற வீடுதான் அடுத்த வருஷ விருந்தைப் போட வேண்டும், அப்பா ஏந்திய ரொட்டி அது. நீ கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு ஓக் மரத்தின் வேரைப் பார்த்தபடி நின்றாய். அவர் இரண்டாவது முறை கேட்டார். அப்போது அவர் குரல் உடைந்தது, கவனித்தாயா? மூன்றாவது முறையும் யாரும் வரவில்லையென்றால் ரொட்டி கோவிலுக்குப் போய்விடும். அதோடு ஊர்த் திருவிழா முடிந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அப்படித்தான் முடிந்தது. இப்போது அங்கே யாரும் எந்த நாளுக்கும் திரும்பி வருவதில்லை. அவர் மூன்றாம் முறை வாயைத் திறப்பதற்குள் என் கால்கள் நடந்துவிட்டன, ரொட்டி என் கையில் இருந்தது. யோசித்து நடந்தேன் என்று சொன்னால் அது பொய்.

மாமா சொன்னதுதான் தவறு. "அப்போ அந்த வீட்டுல ஆம்பளை நெவெனாதான் போலிருக்கு!" என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீ திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீ சாப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். உன் தட்டிலிருந்த ஆட்டுக்கறியைச் சாயங்காலம் வரை மூடி வைத்திருந்தேன். பிறகு தரிங்கா அத்தையின் நாய் தின்றது.

இன்னொன்று. நம் வீட்டின் கீழ்த்தளத்தில், பீப்பாய்கள் இருக்கும் நிலவறையில், பால் குளிர்விக்கும் தொட்டி ஒன்று வைக்க நாங்கள் நினைக்கிறோம். நாங்கள் என்றால் நான், மில்யானா, லாசர். மில்யானாவை உனக்குத் தெரியும், உன் வகுப்பு தூஷானின் தங்கை. கணவனையும் மாடுகளையும் கூட்டிக்கொண்டு நீஷ் நகரப் பக்கமிருந்து திரும்பிவிட்டாள். லாசர் வெளியூர்ப் பையன், வேளாண்மை படித்தவன். மேலே வீடு வீடாக நின்று கேன்களை வாங்க முடியாது என்று பால் வண்டி வருவதை நிறுத்திவிட்டது. ஓரிடத்தில் குளிர்ந்த பால் சேர்ந்திருந்தால் வருவோம் என்கிறார்கள். வண்டி வராவிட்டால் மாடு வைத்திருக்கிறவர்கள் மாட்டை விற்பார்கள். மாட்டை விற்றவர்கள் அடுத்த குளிர்காலத்துக்கு இங்கே இருக்க மாட்டார்கள்.

வீட்டில் பாதி உன்னுடையது. நீ சரி சொல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டேன். நீஷ்காரனுக்கு விற்கப்போவதாக ஊரில் பேச்சு. உண்மையா?

நெவெனா

*

லின்ஸ், ஜூன் 2

நெவெனா,

கடிதம் கிடைத்தது. விளம்பரத் தாள்களோடு சேர்த்துத் தூக்கிப் போட இருந்தேன். உன் கையெழுத்து அம்மாவின் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. அதனால் பிரித்தேன்.

உண்மைதான். நீஷ்காரன் நல்ல விலை சொல்கிறான். மரவீடுகள் கட்டி வார இறுதிக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். அவனுக்கு முழு வீடும் புல்வெளியும் வேண்டும், பாதி வேண்டாம். நான் விற்றால் நீயும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

இப்போது ரொட்டி. அதை வாங்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்பா வாங்கிய வருஷம் அம்மா ஒரு வாரம் அடுப்பை விட்டு வெளியே வரவில்லை. ஊர் முழுக்கச் சாப்பிட்டது, பக்கத்து ஊர்களும் சாப்பிட்டன. நான் எங்கே வைத்துச் சமைப்பேன்? நான் ஓட்டுகிற பேருந்தின் கடைசி இருக்கையிலா? வெளிநாட்டிலிருந்து வருஷத்தில் இரண்டு முறை வந்து ஜன்னலைத் திறந்து மூடிவிட்டுப் போகிறவன் ஊருக்குச் சோறு போடுகிறேன் என்று கை நீட்டுவது பொய். பொய்க்குக் கை நீட்ட எனக்கு வரவில்லை. அதனால் கையைப் பையில் வைத்தேன். அதை ஊரே பார்த்துச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை என்கிறாய். சரி.

உனக்கு முப்பது வயது. பெல்கிராதில் நல்ல வேலை இருந்தது. அதை விட்டுவிட்டு, பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிறாய். நீயும் உன் நண்பர்களும் ஊரை எழுப்பப் போகிறீர்கள். நல்லது. அப்படியானால் ஒரு பந்தயம். அடுத்த மார்க்கொ நாளில் நீ மரத்தடியில் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு நில். புகைபோக்கியில் புகை வருகிற ஒரு வீட்டுக்காரர், நம் சொந்தம் இல்லாத ஒருவர், உன் கையிலிருந்து அதை வாங்கட்டும். வாங்கினால் நான் என் பாதியை விற்க மாட்டேன், அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். யாரும் வாங்கவில்லை என்றால் அடுத்த வாரமே நீயும் நானும் நீஷ்காரன் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறோம்.

அதுவரை தொட்டியை வைத்துக்கொள். நிலவறைக் கதவை உடைக்காதே. அது அப்பா செய்த கதவு.

விதாக்

*

யவோரிட்சா, ஜூலை 9

அண்ணா,

பந்தயத்துக்குச் சம்மதம். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை, ஆனால் நீ வேறு கதவு எதையும் திறந்து வைக்கவில்லை.

கதவை உடைக்கவில்லை. தொட்டி உள்ளே நுழையாததால் நிலையோடு சேர்த்துக் கழற்றி, மறுபடியும் பொருத்திவிட்டோம். முன்பு கிறீச்சிட்ட இடத்திலேயே இப்போதும் கிறீச்சிடுகிறது.

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நீ சிரிப்பாய். நிலவறைத் தரையைத் தோண்ட வேண்டும், சிமெண்டு போட வேண்டும், சாலையிலிருந்து தொட்டியைத் தூக்கி வர வேண்டும். மோபா வைக்கலாம் என்று முடிவு செய்தோம். ஊரே சேர்ந்து ஒரு நாள் வேலை, நாங்கள் சாப்பாடு. லாசர் அழகாக ஒரு தாள் எழுதினான்: "சனிக்கிழமை காலை மோபா. அனைவரும் வருக!" ஓரத்தில் ஒரு பசுமாடுகூட வரைந்தான். கடைக் கதவில் ஒட்டினோம். அண்டா நிறைய அவரைப் பருப்பு வேகவைத்தோம்.

யாரும் வரவில்லை. ஒருவர்கூட. மத்தியானத்துக்கு மேல் நாங்கள் மூன்று பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். மில்யானா அழுதாள். எனக்கு உன் பந்தயம் ஞாபகம் வந்தது. அன்று தோற்றுவிட்டதாகவே நினைத்தேன்.

சாயங்காலம் தரிங்கா அத்தை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "என்ன, வேலை எல்லாம் முடிஞ்சுதா?" என்றாள்.

"யாரும் வரல அத்தை."

"யாரைக் கூப்பிட்டீங்க?"

"கடைக் கதவுல ஒட்டியிருந்தோமே" என்றான் லாசர்.

"கதவுலயா? அந்தக் கதவுல தாள் ஒட்டினா யாரு செத்துட்டாங்கன்னுதான் பார்ப்போம் தம்பி. நானும் பார்த்தேன். மாட்டுப் படம் போட்டிருந்துது. யாரோட மாடு போச்சோ பாவம்னு சிலுவை போட்டுட்டு வந்துட்டேன்."

லாசருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அவன் சமவெளிக்காரன், அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வைக்கோல் அள்ளும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போவாரே. உள்ளே போக மாட்டார். வாசலில் நின்று, பெயர் சொல்லி, "நாளைக்கு எனக்கு நீங்க வேணும்" என்பார். அவ்வளவுதான். எனக்கு அது மறந்து போகவில்லை, அண்ணா. அலுவலகத்தில் இத்தனை வருஷம் எல்லோருக்கும் பொதுவாக அறிவிப்பு அனுப்பியே பழகிவிட்டேன். பொதுவாகச் சொன்னால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடவும் முடியாது. அது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசல் வாசலாகப் போனோம். மிலுதின் மாமா வாசலில் என் குரல் எழும்பவே இல்லை. "நாளைக்கு எனக்கு நீங்க வேணும் மாமா" என்றேன். "இப்பதாண்டி மனுஷி மாதிரி பேசற" என்றார். மறுநாள் கடப்பாரையோடு வந்தார். எல்லோரும் வந்தார்கள்.

இப்போது அவர்களுடைய மோபாவுக்கு நாங்கள் போய்க்கொண்டிருக்கிறோம். போகாமல் இருக்க முடியாது, தெரியுமே. லாசர் நேற்று முதல்முறையாகப் புல் அரிவாளைப் பிடித்தான். தன் பூட்ஸின் முனையை வெட்டிக்கொண்டான். "விரல் இருக்கா பாரு, இல்லன்னா என் நாய் தேடும்" என்கிறாள் தரிங்கா அத்தை.

நிலவறையில் ஒரே ஒரு சிக்கல். தொட்டியைக் கழுவிவிடும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. எங்கே வெளியேற்றுவது என்று தெரியவில்லை.

நெவெனா

*

லின்ஸ், ஆகஸ்ட் 3

நெவெனா,

பூட்ஸ் விஷயம் வாசித்தபோது வண்டியில் இருந்தேன். நிறுத்தத்தில்தான், பயப்படாதே. சிரித்துவிட்டேன். முன் இருக்கையிலிருந்த கிழவி, ஓட்டுநருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து இறங்கிவிட்டாள்.

செத்த மாட்டுக்குத் தரிங்கா அத்தை சிலுவை போட்டாளா? அந்த நாக்கு இன்னும் தேயவில்லை.

தண்ணீருக்கு வேறு வழி வெட்ட வேண்டாம். பெரிய பீப்பாய் இருந்த இடத்துக்குக் கீழே பார். நானும் அப்பாவும் ஒரு கோடையில் அங்கே கல் வடிகால் போட்டோம், வெளியே ஆப்பிள் மரத்துக்குப் போகும். மண் அடைத்திருக்கும். நீளமான கம்பியால் குத்து. சுத்தியலால் அடிக்காதே, கல் விரிசல் விடும்.

இதை எழுதுவதால் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. தண்ணீர் தேங்கினால் சுவர் கெடும், சுவர் கெட்டால் விலை குறையும்.

விதாக்

*

யவோரிட்சா, அக்டோபர் 17

அண்ணா,

வடிகால் திறந்துவிட்டது. ஆப்பிள் மரத்தடியில் தண்ணீர் வந்து விழுந்தபோது லாசர் ஏதோ எண்ணெய் கிடைத்ததுபோலக் கத்தினான். உன் விலை குறையாமல் காப்பாற்றிவிட்டோம்.

பால் வண்டி மறுபடி வருகிறது. முதல் கேனை மில்யானா ஊற்றினாள். ஊற்றும்போது கொஞ்சம் தரையில் சிந்தியது. "நல்லது, வீடு முதல்ல குடிக்கட்டும்" என்றார் மிலுதின் மாமா. தினமும் காலையில் மாட்டுக்காரர்கள் நம் வீட்டு முற்றத்துக்கு வருகிறார்கள். கேனை வைத்துவிட்டு உடனே போவதில்லை. யாரோ காபி போடுகிறார்கள். முதல் நாள் அது எனக்கு எரிச்சலாக இருந்தது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். தனியாக இருக்க அவ்வளவு பழகியிருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டால் முற்றம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மிளகாய் சுட்டு முடித்தோம். ஜாடிகளில் உனக்கென்று இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா, வந்து எடுத்துக்கொள்வாயா?

லாசர் வாத்தியார் வீட்டை வாங்கிவிட்டான். கூரை ஒழுகுகிற, கதவில்லாத அந்த வீட்டைத்தான். கூரை வேய்கிற மோபாவுக்கு அவனே வாசல் வாசலாகப் போய் அழைத்தான். அவன் பேச்சை மிலுதின் மாமா கேலி செய்கிறார். "சமவெளிக்காரங்க ஒரு வார்த்தை பேசி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு மாட்டைக் கறந்துடுவேன்" என்கிறார். ஆனால் அந்தக் கூரையில் முதலில் ஏறியவர் அவர்தான்.

ஒரு பயம் இருக்கிறது. எல்லோரும் வேலைக்கு வருகிறார்கள். ஆனால் ரொட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மில்யானாவின் மாமியார் படுத்த படுக்கை, அவர்களால் முடியாது. மற்றவர்கள் வயதானவர்கள். இதை நான் யாரிடமும் கேட்கவும் கூடாது. தானாக வர வேண்டிய கை அது. நம் பந்தயம் யாருக்கும் தெரியாது. அவர்கள் தினமும் பால் ஊற்றுகிற இடம் மே மாதத்துக்குப் பிறகு இருக்குமா என்று தெரியாமலே ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.

நெவெனா

*

யவோரிட்சா, ஜனவரி 22

அண்ணா,

பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. மிளகாய் ஜாடிகளை ரூஷாவிடம் கொடுத்தேன். கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பனி கதவு வரை நிற்கிறது. பால் வண்டி வரும் நாளில் ஊரே மண்வெட்டியோடு சாலைக்கு இறங்குகிறது. இந்தக் குளிர்காலத்தில் யாரும் மாட்டை விற்கவில்லை.

இதற்காவது ஒரு வரி எழுது.

நெ.

*

லின்ஸ், மார்ச் 27

நெவெனா,

ஜாடிகள் கிடைத்தன. காலியும் ஆகிவிட்டன. எழுதாததற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன். போன நவம்பரில் வீடு மாறினோம். அலமாரியை மாடியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. வாடகைக்கு ஆட்கள் வந்தார்கள். மரியாதையானவர்கள், ஒரு கீறல் விழவில்லை. உன் அண்ணி வழக்கம்போல ஊருக்கே ஆகிற மாதிரி கிபானிட்சா சுட்டு வைத்திருந்தாள். "எங்களுக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நானும் அவளும் அட்டைப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து அந்தப் பாலாடைக்கட்டி அடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைப் பற்றித்தான் உனக்கு எழுத நினைத்தேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாள் போனது.

அதற்குள் இன்று உன் அட்டை வந்தது.

அச்சடித்த அட்டை! ஓக் மரப் படம். "மார்க்கொ நாள் விருந்துக்குத் தங்களைக் குடும்பத்துடன் அன்புடன் அழைக்கிறோம்." தங்களை! என்னையா? நான் பிறந்த ஊர்த் திருவிழாவுக்கு எனக்கு அழைப்பா? நாம் என்றைக்காவது யாரையாவது மார்க்கொ நாளுக்கு அழைத்திருக்கிறோமா? அன்றைக்குக் கதவு திறந்திருக்கும், வருகிறவன் வருவான். வந்தவனை ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. அழைத்தால்தான் வர வேண்டும் என்றால் அழைக்காதவன் வரக்கூடாது என்று அர்த்தம். அன்னியனைத்தான் அழைப்பார்கள். போன வருஷம் ஊர் சிரித்தது. இந்த வருஷம் நீயே என்னை விருந்தாளியாக்கி அட்டை போட்டுவிட்டாய்.

நீஷ்காரன் நேற்றும் கூப்பிட்டான். மார்க்கொ நாளுக்கு அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். நான் வர வேண்டிய அவசியமில்லை. யார் வாங்கினார்கள், வாங்கவில்லை என்று எழுது.

விதாக்

*

யவோரிட்சா, ஏப்ரல் 12

அண்ணா,

நீ ஒருவன்தான் கோபித்துக்கொண்டாய் என்று நினைக்கிறாயா?

அட்டைகளைக் கொடுத்த மறுநாளே தரிங்கா அத்தை தன் அட்டையோடு வந்தாள். காபி மேஜையில் அதைத் தட்டி வைத்தாள்.

"நான் என்ன கல்யாணத்துக்கா வரேன்? பரிசு என்ன கொண்டு வரணும்னும் அதுலயே போட்டிருக்கலாமே!"

"அத்தை, வெளியூர்ல இருக்கறவங்களுக்காகத்தான்..." என்று இழுத்தான் லாசர்.

"வெளியூர்ல இருக்கறவன் அந்த நாளை மறந்துட்டான்னா அவனுக்கு அட்டை எதுக்கு? மறக்கலன்னா எதுக்குடா அட்டை?"

மேல்தெருவில் ஒரு வீட்டுக்கு அட்டை தவறிப்போயிருக்கிறது. அவர்கள் இரண்டு நாள் பால் கொண்டுவரவில்லை. எங்களை ஊர்த் திருவிழாவிலிருந்து தள்ளிவைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். யோசித்துப் பார். வேலைக்கு வாசலில் போய் அழைக்க வேண்டும், நாங்கள் தாள் ஒட்டினோம். விருந்துக்கு அழைக்கவே கூடாது, அட்டை அச்சடித்தோம். இந்த ஊரில் செய்யக்கூடிய தவறுகளை வரிசையாகச் செய்து முடித்திருக்கிறோம். லாசர் வெட்கத்தில் இரண்டு நாள் வெளியே வரவில்லை. பிறகு நாங்கள் மூன்று பேரும் வாசல் வாசலாகப் போய் அட்டைகளைத் திரும்ப வாங்கினோம். கொடுத்த அழைப்பைத் திரும்பக் கேட்டு வாங்கிய ஆட்கள் இந்த மலையில் நாங்களாகத்தான் இருப்போம். மிலுதின் மாமா மட்டும் தரவில்லை. "மரம் நல்லா வந்திருக்கு, நான் வெச்சுக்கறேன்" என்றார்.

லாசர்மேல் பழியைப் போட மாட்டேன். அட்டை அவன் யோசனை. ஆனால் அவன் சொன்னபோது அது தவறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன். ஏனென்றால் எல்லோருக்கும் போகும் அட்டைகளோடு உனக்கும் ஒன்று போகும். "வா" என்று நான் எழுத வேண்டியதில்லை, அச்சு எழுதிவிடும். நீ வராமல் போனாலும் அச்சடித்த தாளுக்குத்தான் வரவில்லை, எனக்கு அல்ல என்று இருந்துவிடலாம். கடைக் கதவில் ஒட்டிய அதே தாள்தான் இது. நான் திருந்தவில்லை, பார்த்தாயா?

உன் அட்டைப் பெட்டிகளையும் கிபானிட்சாவையும் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பத்தியைப் பலமுறை வாசித்தேன். கோபமாக எழுதிய பகுதியை ஒரு முறைதான் வாசித்தேன்.

நீஷ்காரன் இந்த வாரம் வந்திருந்தான். புல்வெளியை அளந்தான். புல்வெளி ஓரத்து ஓக் மரத்தைப் பார்த்து, "இதை வைத்துக்கொள்ளலாம், படத்துக்கு நன்றாக இருக்கும்" என்றான். முற்றத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். எதற்கு அளக்கிறான் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் தரிங்கா அத்தை கோப்பைகளைக் கழுவும்போது அவள் வாய் மூடியிருந்தது. அதைவிட மோசமான எதையும் நான் இந்த வருஷம் பார்க்கவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். மார்க்கொ நாளுக்கு உன்னை அழைக்கவில்லை. அது எங்கே, எப்போது என்று உனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முந்தின நாள் கோவிலிலிருந்து மேஜைகளையும் பெஞ்சுகளையும் மரத்தடிக்குத் தூக்கி வர வேண்டும். கூடாரம் கட்ட வேண்டும். அப்பாவின் பெரிய அண்டாவை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். லாசர் ஒரு பக்கம் பிடிப்பான். இன்னொரு பக்கத்துக்கு ஆள் இல்லை.

உன் வாசலுக்கு வர முடியாது, அதனால் இந்தத் தாளில் வந்து நிற்கிறேன்.

விதாக், அன்றைக்கு எனக்கு நீ வேண்டும்.

நெவெனா

*

லின்ஸ், மே 21

தங்கச்சி,

வேலைக்கு அழைத்தவளுக்கு, வேலைக்கு வந்தவன் ஊர் போய்ச் சேர்ந்தேன் என்று எழுதுவது முறை. சேர்ந்துவிட்டேன். தோள் இன்னும் வலிக்கிறது. அந்த அண்டாவை உன் சமவெளிக்காரன் தூக்கவில்லை, என்மேல் சாய்த்தான்.

மரத்தடியில் நடந்த எல்லாவற்றையும் நீ பார்த்தாய் என்று நினைக்கிறாய். பார்க்கவில்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் யாரு வாங்கறீங்க?" என்று முதல் முறை கேட்டாய். யாரும் அசையவில்லை. மேல்தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டாம் முறை கேட்டாய். மூன்றாம் முறை கேட்பதற்கு முன் நீ கண்ணை மூடிக்கொண்டாய். திறக்கும்போது ரொட்டியின் மறுபக்கத்தை லாசர் பிடித்துக்கொண்டிருந்தான். நீ கண்ணை மூடியிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

உனக்குப் பின்னால், கடைசிப் பெஞ்சருகே நின்றிருந்தேன். கை கோட்டுப் பையில்தான் இருந்தது. ஆம், மறுபடியும். பந்தயத்தில் நம் சொந்தம் சேராது என்று நானே எழுதியிருந்தேன். என் கை கணக்கில் வராது. வாங்கினாலும் நீ தோற்றவள்தான். நீஷ்காரன் மறுவாரத்துக்காகக் காத்திருந்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் முதுகு மாதிரி உன் முதுகு அங்கே தனியாக நின்றது. நீஷ்காரன் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். கையை வெளியே எடுத்தேன். எங்கும் மாவும் கரியுமாக இருந்தது. இப்படியே ரொட்டியைத் தொடக்கூடாது என்று கால்சட்டையில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்தேன்.

அப்போதுதான் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து தரிங்கா அத்தையின் குரல். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த லாசரின் முதுகில் ஓர் அறை.

"போடா சமவெளி! உன் வீட்டுல புகை வருதுல்ல?"

"நான் போலாமா அத்தை? நான் வெளியூர்க்காரன்..."

"கூரை வேய வாசல் வாசலா வந்து கூப்பிட்டியே, அப்ப எந்த ஊர்க்காரன்? போடான்னா!"

முழங்கை வரை சோப்பு நுரையோடு அவன் ஓடி வந்தான். என் தோளில் இடித்துவிட்டு ஓடினான், நெவெனா. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஈரக் கையோடு அவன் ரொட்டியைப் பிடித்துவிட்டான். அந்த ரொட்டியில் அவன் விரல் பதிந்திருந்ததே, நீ அதைத் தடவிக்கொண்டிருந்தாய். நீ அழுதபோது நான் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் பெஞ்சை நேராக்கினேன்.

மிலுதின் மாமா ஒருவர்தான் பார்த்தார். விருந்து முடிந்ததும் பக்கத்தில் வந்தார். "என்னடா, லேட்டா?" என்றார். இதற்கு அடுத்த வருஷம் நான் வாங்குகிறேன், இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "இது என்ன பஸ்ஸா, இடம் பிடிச்சு வைக்க? மரத்தடிக்கு வந்து கையை நீட்டு. சீக்கிரமா நீட்டு" என்றார். பிறகு, போன வருஷம் தான் சொன்னது தப்பு என்றார். ராக்கியாச் சாராயத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் குடித்தேன்.

அடுத்த வருஷம் அவன் ஒருவனாக எப்படி ஊருக்குச் சோறு போடுவான்? அவனுக்குக் கிபானிட்சா சுடத் தெரியுமா? உன் அண்ணி கேட்கிறாள். நாங்கள் ஒரு வாரம் முன்னதாக வந்துவிடலாம் என்கிறாள். அவன் வேலைக்கு அழைத்தால்தான், அதையும் சொல்லிவிடு. வாசலுக்கு வர வேண்டும் அவன்.

நீஷ்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றேன்.

நிலவறைக் கதவுக்கு எண்ணெய் போட்டேன். கிறீச்சிடுவது கீழ்க் கீல், மேல் கீல் அல்ல. ஆப்பிள் மரத்தடி வடிகாலில் மறுபடி மண் சேர்ந்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்ய நேரமில்லை. ஜூலையில் புல்வெளியை அறுப்பீர்கள். லாசர் கையில் அரிவாளைக் கொடுக்காதே, இருக்கிற ஒரு பூட்ஸும் போய்விடும். எனக்கு அந்த மாதம் இரண்டு வாரம் விடுப்பு இருக்கிறது. நானாக வர மாட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் அழை. உன் எண்ணைத் திறந்துவிட்டேன்.

விதாக்